பாமாயிலை நிறுத்தினால் தேங்காய்க்கு விலை வந்துவிடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. வீட்டுக்காரர் காலமான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2023-ல் தேங்காய்ப் பருப்பைக் கிலோ 80 ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லை. 2025-ல் 200 ரூபாயைத் தாண்டியது. ஆனால் வெள்ளை ஈயும் வறட்சியும் சேர்ந்ததில் மரத்தில் காய் பாதிதான். பாமாயில் இறக்குமதியை நிறுத்தச் சொல்லி எங்கள் ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். என் கொழுந்தனார் கோவையில் மிக்சர், முறுக்குக் கடை வைத்திருக்கிறார். "பாமாயில் இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான் அண்ணி" என்கிறார். காலேஜில் பொருளாதாரம் படிக்கும் என் மகளோ, "தடையில்லாத வணிகம் எல்லாருக்கும் நல்லதும்மா" என்கிறாள். யார் சொல்வது சரி? அரசாங்கம் என்னதான் செய்ய வேண்டும்? தோப்பை எடுத்துவிட்டு எண்ணெய்ப் பனை வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரப்பட்டுவிட்டால் திரும்ப முடியாது. தோப்பை எடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மற்றக் கேள்விகளில் உங்கள் வீட்டில் மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு கணக்கு என்பதால்தான் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொழுந்தனார் கணக்கு எளிது. கடையில் மாதம் இருபது டின் எண்ணெய் ஓடுகிறது, டின்னுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால் மாதம் 3,000 ரூபாய் கூடுதல் செலவு. முறுக்கு விலையை ஏற்றினால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும். ஏற்றாவிட்டால் அந்தப் பணம் அவர் வீட்டுச் செலவிலிருந்துதான் போகும். இதே கணக்கை மாநிலம் முழுக்கப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2007-ல் தொடங்கிய திட்டத்தில் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தருகிறது. அட்டைகள் 2 கோடிக்கும் மேல், அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர். கொள்முதல் விலை லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால் மாதம் 20 கோடி, ஆண்டுக்கு 240 கோடி கூடுதலாக வேண்டும். கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் அந்த ஒரு பாக்கெட்டில்தான் மாதத்துக்குத் தாளிக்கிறது.

இந்தியா ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. நம் தேவையில் பாதிக்கும் மேல் இது. இதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். பாமாயில் மலிவாக இருப்பதற்குக் காரணம், எண்ணெய்ப் பனை ஒரு ஹெக்டேரில் 4 டன் வரை எண்ணெய் தரும். நல்ல தென்னந்தோப்பு ஒரு டன்னை ஒட்டித் தரும். சோயா அரை டன்னைத் தொட்டாலே அதிகம். இத்தனை எண்ணெயையும் நாமே விளைவிக்க வேண்டுமென்றால் நெல்லும் பருப்பும் விளையும் நிலத்தை எடுத்துத்தான் விளைவிக்க வேண்டும்.

இப்போது மகள் சொல்வது. அவர் பாடத்தில் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வந்திருப்பார். 1817-ல் அவர் எழுதியதன் சாரம், ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதாக வருவதைச் செய்து விற்று, மற்றதை வாங்கிக்கொண்டால் இரு தரப்புக்கும் மொத்தத்தில் லாபம் என்பது. இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. உங்கள் தோப்பிலேயே சாட்சி இருக்கிறது.

உரித்த மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அடுப்புக்குப் போனது, மீதியை வரப்போரம் கொட்டினார்கள். இன்று மஞ்சி (தேங்காய் நார்) மில்காரர் லாரி அனுப்பிக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார். பொள்ளாச்சி வட்டாரத்து நார் சீனாவுக்குப் போகிறது. நார்க்கழிவு கட்டியாக அழுத்தப்பட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கப் போகிறது. அந்த நாடுகள் தங்கள் வாசலை மூடியிருந்தால் மட்டைக்கு இன்றும் விலை கிடையாது. உங்கள் ஊரில் தென்னைக்கு நடுவே கோக்கோ வைத்தவர்களைக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்ததால் 2024-ல் உலகச் சந்தையில் கோக்கோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த விலை ஆனைமலைக்கும் வந்தது. அப்புறம் இறங்கியபோது இறக்கமும் வந்தது. வாசல் திறந்திருந்தால் இரண்டும் வரத்தான் செய்யும். மட்டையும் கோக்கோவும் போகிற வாசல் திறந்திருக்க வேண்டும், பாமாயில் வருகிற வாசல் மட்டும் மூடியிருக்க வேண்டும் என்று கேட்டால் எதிர் நாடும் அதையே நம்மிடம் கேட்கும்.

ஆனால் உங்கள் மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 'மொத்தத்தில் லாபம்' என்றால் 'ஒவ்வொருவருக்கும் லாபம்' என்று பொருள் இல்லை. பாமாயில் மலிவால் வரும் பயன் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சிறு தொகையாகப் பிரிகிறது. நட்டமோ எண்ணெய்வித்து விவசாயிகள் தலையில் மொத்தமாக விழுகிறது. லாபம் பார்த்தவர் யாரும் நட்டப்பட்டவருக்குத் தானாக எடுத்துக் கொடுப்பதில்லை. அதைச் செய்யத்தான் அரசு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தொழில் கட்டுப்படியாகவில்லை என்றால் ஆளும் முதலும் வேறு தொழிலுக்கு நகரும் என்று அந்தக் கோட்பாடு எடுத்துக்கொள்கிறது. தறியை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். அதுவே சுலபமில்லை. தென்னை நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம், பிறகு அறுபது வருடம் நிற்கும். 1990-ல் உங்கள் மாமனார் நட்டிருக்கக்கூடிய மரம் இன்றைய சுங்க வரியைப் பார்த்து நடப்பட்டதில்லை. எண்ணெய் விலை ஒரே வாரத்தில் மாறும், தோப்பு மாற ஒரு தலைமுறை ஆகும். இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் 'போட்டி போடுங்கள்' என்று விவசாயியிடம் சொல்வது நியாயமில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஆர்ப்பாட்டத்தில் உட்கார்ந்தது தப்பே இல்லை. ஆனால் அங்கே வைத்த கோரிக்கை உங்கள் நோய்க்கு முழு மருந்து இல்லை.

2023-ல் என்ன நடந்தது? அதற்கு முந்தைய ஆண்டு, உக்ரைன் போர் தொடங்கிய சமயத்தில், உலகப் பாமாயில் விலை உச்சிக்குப் போயிருந்தது. 2023-ல் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நம் சுங்க வரியோ கச்சா பாமாயிலுக்கு வெறும் 5.5 சதவீதத்தில் இருந்தது. அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டுவதற்கான காய்ந்த தேங்காய்ப் பருப்பு) அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், அதாவது கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. நீங்கள் விற்றது 80-க்கும் கீழே. பாமாயில் மலிவு உங்களைப் பாதித்தது உண்மைதான்.

2025-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மே கடைசியில் மத்திய அரசு கச்சா எண்ணெய்களுக்கான வரியைக் குறைத்தது. 'பாமாயில்தான் காரணம்' என்பது முழு உண்மையானால் தேங்காய் விலை விழுந்திருக்க வேண்டும். ஏறியது! ஆதரவு விலை கிலோ 115 ரூபாய் 82 காசாக இருக்க, சந்தை விலை அதைப் போல இரண்டு மடங்கை நெருங்கியது. ஏனென்றால் காய் இல்லை. வெயில், வறட்சி, சுருள் வெள்ளை ஈ, வேர் வாடல். வெளிநாட்டிலும் அதே கதை: வறட்சியால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா தோப்புகளில் காய்ப்பு குறைந்திருந்தது. போதாததற்கு பிலிப்பைன்ஸ் 2024 அக்டோபரில் டீசலில் கலக்கும் தேங்காய் எண்ணெயை 3 சதவீதமாக உயர்த்தியது. ஆக, விலை ஏறினாலும் உங்கள் கைக்கு வந்த தொகை பெரிதாக ஏறியிருக்காது. உங்களுக்கு 2023-ல் விலை போனது, 2025-ல் விளைச்சல் போனது. இறக்குமதித் தடை முதலாவதில் ஓரளவு உதவியிருக்கலாம். இரண்டாவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பாமாயில் என்று ஒரே பெயரில் பேசுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. முறுக்கு சுடும் பாமோலின், அதாவது பாமாயிலிலிருந்து பிரித்தெடுக்கும் உறையாத பகுதி, தேங்காய் எண்ணெய்க்கு நேர்ப் போட்டி இல்லை. அது கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும்தான் போட்டி. உங்களுக்கு நேர் எதிரி பாம் கர்னல் எண்ணெய். எண்ணெய்ப் பனைப் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பை ஆட்டி எடுப்பது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. சோப்பு, கிரீம், பிஸ்கட் செய்பவர்கள் எது மலிவோ அதற்கு மாறிக்கொள்வார்கள். தேங்காய் எண்ணெயில் அதைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். மோந்து பார்த்தோ நிறம் பார்த்தோ கண்டுபிடிப்பது கஷ்டம், ஆய்வகத்தில்தான் தெரியும். கலப்படத்தைத் தடுப்பது தடையற்ற வணிகத்துக்கு எதிரானதல்ல. வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தால்தான் அது நேர்மையான சந்தை. காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் ஒழுங்காக ஆட்டி விற்கிற மில்காரரும் உங்களோடு சேர்ந்து இதில்தான் நட்டப்படுகிறார். ஊர் ஆர்ப்பாட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றால் நான் இதை வைப்பேன்: தேங்காய் எண்ணெய் மாதிரிகளைத் தொடர்ந்து எடுத்துப் பரிசோதித்து, முடிவுகளைப் பெயர் போட்டு வெளியிட வேண்டும்.

தேங்காய் எண்ணெயையும் கொப்பரையையும் நினைத்தவர் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு வணிக நிறுவனத்தின் வழியாகத்தான் வர முடியும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் பயிருக்கு ஏற்கெனவே வேலி உண்டு. பக்கத்துச் சந்தில் வருகிற மாற்று எண்ணெய்க்குத்தான் வேலி இல்லை.

அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். என்ன செய்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. நல்ல விதை, கொள்முதல் விலை, கூட்டுறவு மூலம் சந்தைத் தலையீடு, அளவான இறக்குமதி என்று எல்லாம் ஒன்றாக நடந்தது. எண்ணெய்வித்து உற்பத்தி 1986-87-ல் சுமார் 110 லட்சம் டன்னாக இருந்தது பத்தே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாடு கிட்டத்தட்டத் தன்னிறைவில் இருந்தது. அப்புறம் 1994-ல் பாமோலினை யார் வேண்டுமானாலும் வரி கட்டி இறக்கலாம் என்று திறந்தார்கள். தொடக்கத்தில் 65 சதவீதமாக இருந்த வரி 1998-க்குள் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட நமக்கு அனுமதி உண்டு. சோயா எண்ணெய்க்கோ 45 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகவே வெளியிலிருந்து யாரும் கையை முறுக்கி 15-க்கு இறக்கச் சொல்லவில்லை. நாமே இறக்கிக்கொண்டோம்.

திறந்ததைவிட எனக்குக் கோபம் வருவது திறந்த விதத்தில்தான். கச்சா பாமாயில் வரியின் போக்கைப் பாருங்கள். 2008 ஏப்ரலில் பூஜ்யம். 2018 மார்ச்சில் அடிப்படை வரி 44 சதவீதம். 2021 அக்டோபரில் அடிப்படை வரி மறுபடி பூஜ்யம், செஸ் (தனி நோக்கத்துக்கான கூடுதல் வரி) மட்டும். 2022-லிருந்து செஸ் உட்பட மொத்தம் 5.5. 2024 செப்டம்பர் 14 அன்று ஒரே பாய்ச்சலில் 27.5. 2025 மே கடைசியில் 16.5. எண்ணெய் விலை ஏறினால் நகரத்தில் சத்தம், வரி இறங்கும். வித்து விலை விழுந்தால் கிராமத்தில் சத்தம், வரி ஏறும். முதல் நாள் அறிவிப்பு, மறுநாள் அமல். துறைமுகத்தில் சரக்கு வைத்திருக்கும் பெரிய இறக்குமதியாளர் இதைத் தாங்குவார், சில சமயம் லாபமும் பார்ப்பார். அறுபது வருடத்துக்கு மரம் நடுகிறவர் இந்த வரியை நம்பி என்ன முடிவு எடுப்பார்?

அந்த 16.5 எப்படி வருகிறது என்று கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன், இதில் உங்களுக்கு ஒரு உரிமை ஒளிந்திருக்கிறது. அடிப்படை வரி 10. வேளாண் உட்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ் 5. இந்தப் பதினைந்தின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல கூடுதல் வரி, அது 1.5. மொத்தம் 16.5. நூறு ரூபாய் எண்ணெய் உள்ளே வந்தால் 5 ரூபாய் வேளாண்மையின் பெயரிலேயே வசூலாகிறது. இறக்குமதியால் நட்டப்படும் விவசாயிக்கு ஈடு செய்யும் பணம் எங்கே என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம். அந்தத் தொகையில் ஒரு பங்கை எண்ணெய்வித்துக்கும் தென்னைக்கும் என்று எழுதி ஒதுக்கினால், வெள்ளை ஈ ஆராய்ச்சி, வேர் வாடல் தாக்கிய மரத்தை எடுத்து மறுநடவு செய்ய உதவி, கிராமத்துக்கு ஓர் உலர்களம் எல்லாம் செய்யலாம். என் கருத்தில் தடையற்ற வணிகத்துக்கும் விவசாயிக்கும் இடையில் நியாயமான உடன்படிக்கை இதுதான்.

வரியைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒன்றே. விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். உலக விலை இந்த அளவுக்குக் கீழே போனால் வரி இவ்வளவு ஏறும், இந்த அளவைத் தாண்டினால் இவ்வளவு இறங்கும் என்று ஓர் அட்டவணையை ஐந்து வருடத்துக்கு அறிவித்துவிட்டால் கொழுந்தனாரும் கணக்குப் போடலாம், நீங்களும் போடலாம். யாருக்கும் திடீர் அடி விழாது.

முற்றான தடை வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? வெளிநாட்டுச் சரக்குக்கு அளவுக் கட்டுப்பாடு வைப்பதை 2001 ஏப்ரலோடு இந்தியா பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இருந்தும் 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயிலுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தது. கச்சா எண்ணெய் வரத்து அதனால் நிற்கவில்லை. பாமாயிலை மட்டும் மறித்தால் சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும். எல்லா எண்ணெயையும் மறித்தால் விலை எகிறி முதலில் அடிபடுவது ரேஷன் பாக்கெட்டை நம்பியிருக்கும் வீடு. உங்கள் தோப்பில் மரம் ஏறுகிறவர் வீடும் அதில் ஒன்று.

ஆனால் வெளியிலேயே நம்பியிருப்பதும் ஆபத்து. இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. தன் மக்களுக்கு எண்ணெய் விலை ஏறுகிறது என்பதுதான் காரணம். அந்த அரசு தன் மக்களைப் பார்த்தது, குறை சொல்ல முடியாது. 2025-ல் அவர்கள் டீசலிலும் 40 சதவீதம் பாமாயில் சார்ந்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். மலிவு எண்ணெய் எப்போதும் மலிவாகவே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உள்ளூர் வித்தை உயிரோடு வைத்திருக்க நாடு கொஞ்சம் செலவழிப்பது தானம் அல்ல, காப்பீட்டுத் தவணை.

ஒப்பந்தம் போட்டால் அதைக் கண்காணிக்கவும் வேண்டும். தெற்காசிய வணிக ஒப்பந்தப்படி நேபாளத்திலிருந்து வரும் சமையல் எண்ணெய்க்கு வரி இல்லை. நேபாளத்தில் எண்ணெய்ப் பனை கிடையாது, சோயாவும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் 2024 செப்டம்பரில் நம் வரி ஏறியதும் அங்கிருந்து சுத்திகரித்த எண்ணெய் வருவது மளமளவென்று கூடியது. வெளியிலிருந்து கச்சாவை வாங்கி, சுத்திகரித்து, எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். நம் ஆலைகளும் விவசாயிகளும் சேர்ந்து புகார் சொன்னார்கள். சரக்கு உண்மையில் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதியைக் கறாராகப் பார்ப்பது அரசின் வேலை. அதில் ஓட்டை விட்டுவிட்டு வரியை ஏற்றுவதில் பொருளில்லை.

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுக்கச் சொல்லும் கோரிக்கைக்கும் வருகிறேன். எல்லா மாதமும் எல்லா அட்டைக்கும் என்பது நடக்காது. 2025-ல் அப்படி ஒரு திட்டம் இருந்திருந்தால் அந்த விலைக்கு அரசு வாங்கி முடிந்திருக்காது, பாதியில் கைவிட்டிருக்கும். ஆனால் 2023 போன்ற ஆண்டில் இது மிக நல்ல யோசனை. இப்போது என்ன நடக்கிறது? விலை விழுந்தால் நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு விற்பனை அமைப்பு ஆதரவு விலையில் கொப்பரை வாங்குகிறது. பிறகு அந்த இருப்பையே வெளிச்சந்தையில் ஏலம் விடுகிறது. மூட்டை வெளியே வருகிறது என்ற பேச்சு எழுந்தாலே வியாபாரி கொள்முதலைத் தள்ளிப்போடுவார், விலை மறுபடி சரியும். வாங்கி உயர்த்தியதை விற்று இறக்குகிறார்கள். அந்தக் கொப்பரையை ஆட்டி எண்ணெயாக்கி, விலை விழுந்த ஆண்டுகளில் மட்டும், கோவை, திருப்பூர், தஞ்சாவூர் போன்ற தென்னை மாவட்டங்களின் ரேஷனுக்கோ சத்துணவுக்கோ கொடுத்தால் சரக்கு சந்தைக்குத் திரும்பாது. 'சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும் ஆண்டில்' என்ற நிபந்தனையோடு கேளுங்கள். நிதித்துறை அதைக் காது கொடுத்துக் கேட்கும்.

இனி உங்கள் தோப்பு.

எண்ணெய்ப் பனைக்கு 2021-ல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் தனி இயக்கமே அறிவித்தது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நிறைய நட்டிருக்கிறார்கள். ஆனால் பழக்குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும். பக்கத்தில் ஆலை இல்லையென்றால் பழம் குப்பை. ஒரே ஆலை என்றால் அவர் வைத்ததுதான் விலை. தண்ணீரும் வருடம் முழுக்கத் தாராளமாக வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வருகிற இடத்தில் அது சரிப்படாது. நான்காம் வருடம்தான் முதல் அறுவடை. எல்லாவற்றுக்கும் மேல், இறக்குமதிப் பாமாயிலுக்குப் பயந்து அதே பாமாயிலோடு நேருக்கு நேர் போட்டியில் இறங்குவதாக ஆகும். தென்னையிலாவது காய், இளநீர், பருப்பு, மட்டை, தொட்டி (சிரட்டை) என்று ஐந்து வழியில் காசு வருகிறது.

ஐந்து வழியையும் பயன்படுத்துகிறீர்களா என்பதுதான் என் கேள்வி. மொத்தத் தோப்பையும் ஒரே வியாபாரிக்கு வருடக் குத்தகைக்கு விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மரத்தை இளநீருக்கு ஒதுக்குங்கள். வெள்ளை ஈ தாக்கிய ஓலைக்கு மேலே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, மஞ்சள் ஒட்டுப் பொறி, ஒட்டுண்ணிக் குளவி விடுவது ஆகியவற்றை ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள். பூச்சிமருந்தை மட்டும் நம்பினால் அந்தக் குளவியும் செத்துவிடும். நிழல் போதுமான இடத்தில் ஜாதிக்காயோ கோக்கோவோ வையுங்கள். கோக்கோவின் ஒரு வருட உச்ச விலையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், பத்து வருடச் சராசரியைப் பாருங்கள்.

ஆதரவு விலை உங்களுக்குக் காகிதத்தில் இருந்தால் போதாது, கையில் வர வேண்டும். 2023-ல் உங்கள் பருப்பு 80-க்கும் கீழே போனதற்கு என்ன காரணம் என்று யோசித்துப் பாருங்கள். கொள்முதல் மையத்தில் பதிவு செய்யவில்லையா? அல்லது ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிட்டார்களா? அரவைக் கொப்பரையில் 6 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் தரத்தில் தள்ளிவிடுவார்கள். மழைக்கால வாரத்தில் களத்தில் மூன்று நாள் கூடுதலாகக் காயப் போட்டிருந்தால் தேறியிருக்கும் என்பது பலருக்கும் பின்னால்தான் தெரிகிறது. அரைகுறையாகக் காய்ந்த பருப்பில் பூஞ்சை பிடித்தால் வியாபாரியும் இரண்டாம் தரம் என்றுதான் எடுப்பார். பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பொது உலர்களமும் ஈரமானியும் அங்கே இருந்தால் ஏலத்தில் உங்கள் மூட்டை தனியாக நிற்காது.

விலை இறங்கத் தொடங்குகிற சமயத்தில் ஓடக்கூடாது. இப்போதே சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள். அடங்கலில் தென்னை என்று பயிர் சரியாக ஏறியிருக்கிறதா, பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால் கொள்முதல் மையத்தில் பணம் நிற்கும். வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாற்றத்துக்கு இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொள்ளாச்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் பெருந்துறைக்கும் ஏல நாளில் ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் கிலோவுக்கு எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கணக்கோடு மறுபடி எழுதினால், காயாக விற்பதா பருப்பாக விற்பதா என்பதை உங்கள் தோப்புக்கென்று போட்டுச் சொல்கிறேன்.